காக்காவோடு ஆறு நாள்: அபுதாபி நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

திருவனந்தபுரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்தில் அபுதாபி. பாதி விமானம் தூங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி நோன்பில் இருந்ததால் சாப்பாட்டு வண்டியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. எனக்கு மட்டும் சாண்ட்விச் வந்தது. இரண்டு பக்கமும் நோன்பாளிகள். மென்று முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

வெளியே காக்கா நின்றிருந்தார். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களிடம் காக்கா என்றால் அண்ணன். எனக்கு அவர் கூடப்பிறந்தவர் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். அப்புறம் அவர் வளைகுடாவுக்குப் போனார். நான் துறைமுகத்திலேயே கிடந்தேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் லீவு போட்டு வந்து, பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். "இந்தத் தடவை நீ வா. நோன்புல வா" என்றார். வந்துவிட்டேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் தூரமும் ஐந்நூறு வருஷப் பழைய கணக்கும் இருக்கின்றன. 1530-களில் மன்னார் வளைகுடா முத்துச் சலாபத்தில் (முத்துக் குளிப்பில்) யார் கை ஓங்குவது என்பதில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் வெட்டுக்குத்து. ஆதரவு தேடி எங்கள் ஆட்கள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் போனார்கள், ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1542-ல் சவேரியார் வந்து பார்த்தபோது பல ஊர்களில் ஜபம்கூடத் தெரியாத கிறிஸ்தவர்கள்தான் இருந்தார்கள். நான் கிறிஸ்தவனாக இருப்பதற்கு காக்காவின் முன்னோர்களும் ஒரு காரணம். இதைச் சொன்னால் அவர், "அப்போ எனக்கு ஒரு கமிஷன் வரணுமே" என்பார்.

இந்த அபுதாபியும் முத்தால் பிழைத்த ஊர்தான். 1930-களில் ஜப்பான்காரர்களின் வளர்ப்பு முத்து வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. எண்ணெய் ஏற்றுமதி ஆரம்பித்தது 1962-ல்தான். நடுவில் இருந்த முப்பது வருஷப் பஞ்சத்தை இங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சனிக்கிழமை அல் ஐன் நகரத்துக்குப் போகும்போது அது வரும்.

சாயங்காலம் ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் பாங்கு. ராத்தா (காக்காவின் மனைவி) தரையில் பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தார். ஒரே பெரிய தட்டு, சுற்றிலும் எல்லாரும். பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, பருப்பு வடை. கஞ்சி மட்டும் தனித்தனிக் கிண்ணத்தில். கஞ்சியில் வடையைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும், அதுதான் முறை. நாளைக்கு எங்கள் நோன்பு தொடங்கும் விபூதிப் புதன் என்று நினைவு வந்ததும் இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

இந்த வருஷம் ரமலானும் தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கின்றன. அவர்களுக்கு மார்ச் 1-ல் தொடங்கியது, எங்களுக்கு இன்று. காலையில் காக்காவுக்கு இதிலேயே ஒரு வழக்கு.

"உங்க நோன்புல எத்தன வேள சாப்பிடலாம்?"

"இன்னைக்கு ஒரு வேள முழுச் சாப்பாடு. ரெண்டு வேள கொஞ்சமா."

"மூணு வேளயும் சாப்பிட்டுட்டு நோன்புங்கிற."

"கறி கிடையாது காக்கா."

"மீன்?"

"மீன் சாப்பிடலாம்."

அவர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நான் சும்மா இருக்காமல், "நீங்க மட்டும் என்ன, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டேதான இருக்கீங்க" என்றேன். சரி, இன்றைய மதச் சர்ச்சை இவ்வளவுதான்.

சாயங்காலம் முஷ்ரிஃப் பகுதியில் இருக்கும் புனித சூசையப்பர் பேராலயம். அபுதாபியின் முதல் கத்தோலிக்கக் கோவில் 1965-ல், அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஷக்பூத் கொடுத்த நிலத்தில், கடற்கரை ஓரமாக எழும்பியது. இப்போதைய இடத்துக்கு 1983-ல் மாறியது. மதிலை ஒட்டி ஆங்கிலிக்கன் கோவிலும் எகிப்தியக் கிறிஸ்தவர்களான காப்டிக் பிரிவினரின் கோவிலும் இருக்கின்றன. பக்கத்திலேயே பெரிய பள்ளிவாசல் ஒன்று. அதைப் பற்றி வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்தால் நம்மூர்த் திருவிழாக் கூட்டம். பிலிப்பினோக்கள், மலையாளிகள், கோவாக்காரர்கள், அரபு பேசும் லெபனான்காரர்கள், நம் ஆட்கள். பாப்பரசர் பிரான்சிஸ் மூன்று வாரமாக ரோமில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவருக்காகத் தனி மன்றாட்டு. நெற்றியில் சாம்பல் பூச நீண்ட வரிசை. என் முறை வர இன்னும் இருபது பேர் இருக்கும்போது பக்கத்திலிருந்து பாங்கு கேட்டது. வாசலில் இருந்த காவலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாற்காலிக்கு அடியில் தண்ணீர் பாட்டிலைத் தேடினார், கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற பிலிப்பினோ பெண் ஒருத்தி தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள். வாங்கினார், குடித்தார். அவள் வரிசையில் ஓரடி நகர்ந்தாள்.

திரும்பும்போது டாக்ஸி. ஓட்டுநர் பெஷாவர்காரர். கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்துவிட்டு இந்துவா என்று கேட்டார். நெற்றியில் விபூதியோடு ஒரு தமிழன், வேறென்ன நினைப்பார்? இல்லை, ஈசாயி (கிறிஸ்தவன்), இன்று எங்களுக்கும் ரோஸா (நோன்பு) ஆரம்பம் என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில். அவருக்கு ஒரே சந்தோஷம். எத்தனை நாள்? நாற்பது. "சாலீஸ்!" என்று ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பகலில் தண்ணீர்? குடிக்கலாம் என்றதும் கை மறுபடி ஸ்டியரிங்குக்குப் போனது. "அப்படியானால் சுலபம்தான்" என்றார். காக்காவும் இவரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று சாதியாத் தீவு. ஆபிரகாம் குடும்ப இல்லம்.

முதலில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு நடை. உலக மதங்கள் பகுதியில் குர்ஆன், பைபிள், 1498-ல் ஏமனில் எழுதப்பட்ட தோரா ஆகியவற்றை அருகருகே திறந்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தப் புத்தகமும் இன்னொன்றோடு சண்டை போடுவதில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

ஆபிரகாம் இல்லத்துக்கு வருவோம். பின்கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் கட்டடம் விளங்கும். 2006 செப்டம்பரில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, இஸ்லாத்தைப் பற்றி ஒரு பைசாந்தியப் பேரரசர் சொன்ன கடுமையான வாசகத்தை மேற்கோள் காட்டப்போக, உலகமெங்கும் கொதித்தது. மறு வருஷம் அக்டோபரில் 138 முஸ்லிம் அறிஞர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு வந்தது. இறையன்பும் அயலார் அன்பும் நம் இருவருக்கும் பொது, அங்கிருந்து தொடங்குவோம் என்பது அதன் சாரம். எனக்குத் தெரிந்து இந்தக் காலத்தில் ஒரு கோபத்துக்குக் கிடைத்த மிக நாகரிகமான பதில் அதுதான். அது நிலைத்ததா? 2011 புத்தாண்டு இரவில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் காப்டிக் கோவில் வாசலில் குண்டு வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெனடிக்ட் கிறிஸ்தவர்களைக் காப்பாற்றுங்கள் என்றார். அது எங்கள் நாட்டு விஷயத்தில் தலையீடு என்று கெய்ரோவிலிருக்கும் சுன்னி முஸ்லிம்களின் பெரிய கல்வி நிலையமான அல் அஸ்ஹர் வத்திக்கானோடு பேச்சையே நிறுத்திக்கொண்டது. ஐந்து வருஷம் கழித்து, 2016 மே மாதம், அல் அஸ்ஹரின் பெரிய இமாம் அகமது அல் தய்யிப் ரோமுக்குப் போனார். பிரான்சிஸ் அவரைக் கட்டிப்பிடித்தார். 2019 பிப்ரவரி 4-ல் இருவரும் இதே அபுதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அரேபியத் தீபகற்பத்தில் ஒரு பாப்பரசர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் சிலுவைப்போருக்கு நடுவே எகிப்து சுல்தான் அல் கமீலைப் போய்ப் பார்த்த 1219-லிருந்து சரியாக 800 வருஷம்.

அந்தக் கையெழுத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் இந்த வளாகம். கட்டடக் கலைஞர் டேவிட் அஜாயே. 2023 மார்ச் 1-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மூன்று வெள்ளைக் கனசதுரங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 30 மீட்டர். இமாம் அல் தய்யிப் பள்ளிவாசல், புனித பிரான்சிஸ் கோவில், மோசே பென் மைமோன் ஜெப ஆலயம். மூன்றும் ஒரே உயரம். யாரும் யாரையும் குனிந்து பார்க்கக் கூடாது என்ற கவனம் தெரிகிறது. பள்ளிவாசலுக்கு நெடிய வளைவுகள். கோவிலுக்குள் மேலிருந்து மரச்சட்டங்கள் மழைபோல இறங்குகின்றன. ஜெப ஆலயத்தில் கூடாரம் மாதிரி வெண்கலச் சல்லடை.

நான் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா தரையைப் பார்த்தார். "தம்பி, மூணும் கோணலா நிக்குது பாரு" என்றார். மூன்று கட்டடங்களும் ஒரே வரிசையில் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திருகி நிற்கிறது. பள்ளிவாசல் மக்காவை நோக்கி, அதாவது இங்கிருந்து மேற்கே. கோவில் சூரியன் உதிக்கும் கிழக்கே. ஜெப ஆலயம் எருசலேமை நோக்கி. பள்ளிவாசலும் கோவிலும் கிட்டத்தட்ட முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன என்றே சொல்லலாம். "உயரத்த ஆர்க்கிடெக்ட் முடிவு பண்ணிட்டான், திசைய அவனால மாத்த முடியல" என்றார் காக்கா. எனக்கு அந்த வளாகத்தில் பிடித்தது அந்தக் கோணல்தான். மற்றதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே சுத்தமாக இருக்கிறது, விமான நிலையம் மாதிரி.

ஜெப ஆலயத்து வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. நான் பார்த்துவிட்டு வந்தபோது கைப்பேசியில் காசா செய்தி வாசித்துக்கொண்டு நின்றார். "கோவமில்ல. இன்னைக்கு மனசு வரல" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின் அவரே, "உங்க பாப்பரசர் தினமும் ராத்திரி காசாவுல இருக்க கோயிலுக்குப் போன் போடுறாராமே, ஆஸ்பத்திரில இருந்துகிட்டேயும்" என்றார். ஆமாம், அங்கே திருக்குடும்பக் கோவிலில் அடைக்கலமாக இருப்பவர்களோடு பேசுகிறார் என்றேன். "சாப்பிட்டீங்களான்னு கேப்பாராம்" என்றார் காக்கா. அதற்கப்புறம் கார் வரைக்கும் இருவரும் பேசவில்லை.

2019 ஆவணத்தில் ஒரு வரி பலரை உறுத்தியது: மதங்கள் பலவாக இருப்பது, நிறமும் மொழியும் பலவாக இருப்பதுபோல, இறைவனின் ஞானமான சித்தம் என்பது. அப்படியானால் எல்லா மதமும் ஒன்றா என்று எங்கள் பக்கத்து ஆயர்களிலேயே சிலர் கேட்டார்கள். கடவுள் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று ஒரு விளக்கம் வந்தது. காக்காவிடம் கேட்டேன். அவருக்கு அதில் சிக்கலே இல்லை. "அல்லாஹ் நாடியிருந்தா எல்லாரையும் ஒரே சமுதாயமா ஆக்கியிருப்பான்னு குர்ஆன்லயே இருக்கே. நன்மையில போட்டி போடுங்கன்னும் இருக்கு" என்றார். அஞ்சாவது சூரா, 48-வது வசனம். ராத்திரி எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

நேற்று எழுதியதை ஸஹர் நேரத்தில் (விடியலுக்கு முன் சாப்பிடும் வேளை) காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம்: "நான் சொன்னதயெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்க. நீ சொன்ன ஒண்ணக்கூட காணோமே?" உண்மைதான். இந்த மாதிரிப் பயணத்தில் நாம் கேட்பவராகவும் மற்றவர் சொல்பவராகவும் ஆகிவிடுகிறோம். நல்லவனாகத் தெரிவதற்கு அதுதான் சுலபம்.

மதியம் ஜும்ஆ தொழுகை. சூசையப்பர் பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிவாசல் என்றேனே, அதற்குத்தான் போனோம். அதன் பெயர் மரியம் உம்மு ஈசா, அதாவது ஈசாவின் தாய் மரியம். 2017 ஜூன் வரை அது ஷேக் முகமது பின் ஸாயித் பள்ளிவாசல். தன் பெயரை எடுத்துவிட்டு மாதாவின் பெயரை வைக்கச் சொன்னவர் அவரேதான். எங்கள் ஊரில் தெருப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால்கூட உண்ணாவிரதம் நடக்கும்.

காக்கா உள்ளே போனார், நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் கொல்லும் அளவுக்கு வரவில்லை. குத்பா (பிரசங்கம்) ஒலிபெருக்கியில். அரபியில் எனக்குப் பிடிபட்டது இரண்டு மூன்று பெயர்கள் மட்டும். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மரியம்தான், 34 இடங்களில். புதிய ஏற்பாட்டில்கூட மாதாவின் பெயர் அத்தனை தடவை வராது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு இது தெரியாது. மாதா திருவிழாவில் பத்து நாள் ஊரே கூடும் தெருவில் பிறந்தவன் நான்.

இன்னொரு விஷயம். 2022 ஜனவரி வரை இங்கே வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் கிறிஸ்தவர்களும் வெள்ளிக்கிழமையே பூசைக்குப் போவார்கள், அதுவே ஞாயிறு பூசையாகக் கணக்கு. காக்கா வேலை பார்த்த கம்பெனியில் ஒரே வேன் புறப்படுமாம். பாதிப் பேர் பள்ளிவாசலில் இறங்குவார்கள், பாதிப் பேர் கோவிலில். இப்போது சனி, ஞாயிறு விடுமுறை என்று ஆகிவிட்டது. அவரவர் நாள் அவரவருக்குத் திரும்பிவிட்டது. வேனும் நின்றுவிட்டது.

2019 பிப்ரவரி 5-ல் ஸாயித் விளையாட்டு நகரத்தில் பாப்பரசர் பூசை வைத்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கூட்டம். டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அரசே லீவு கொடுத்தது. காக்கா தன் அலுவலகத்துக் கிறிஸ்தவப் பையன்கள் நாலு பேரை விடியற்காலம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதும்போது மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். இங்கே முஸ்லிமிடம் வேறு மதத்தைப் பரப்புவது சட்டப்படி குற்றம். ஒரு கிறிஸ்தவர் இஸ்லாத்துக்குப் போகலாம், கதவு அந்தப் பக்கம் மட்டும்தான் திறக்கும். கோவில் கட்ட நிலம் ஆட்சியாளர் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கிறார், தாராளமாகவே கொடுக்கிறார். ஆனால் அது உரிமை இல்லை, விருந்தோம்பல். காக்காவிடம் சொன்னேன். "விருந்தாளியா இருக்கிறது என்னன்னு எனக்கும் தெரியும் தம்பி. இருபத்தஞ்சு வருஷமா இருக்கேன், இன்னும் விசாவுலதான் இருக்கேன்" என்றார்.

மார்ச் 8, சனி

அல் ஐன், 160 கிலோமீட்டர். ராத்தாவும் வந்தார். காரணம், அவர்களுடைய மூத்த மகள் பிறந்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

இப்போது அதற்குக் கனத் மருத்துவமனை என்று பெயர். முன்பு ஒயாசிஸ் ஆஸ்பத்திரி. 1960-ல் அல் ஐனில் டாக்டர் கிடையாது, ரோடு கிடையாது, மின்சாரம் கிடையாது. பிறக்கும் குழந்தைகளில் பாதி தங்காது, பிரசவத்தில் தாய்மார் சாவதும் சாதாரணம் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நவம்பரில் அமெரிக்க மிஷனரி டாக்டர்கள் பாட் கென்னடி, மரியன் கென்னடி தம்பதி பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். அழைத்தவர் அப்போது அந்தப் பகுதியை நிர்வகித்த ஷேக் ஸாயித். மண் வீடு ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். அதுதான் ஆஸ்பத்திரி. அடுத்த வருஷமே ஸாயிதின் மகன் முகமது அங்கே பிறந்தார். இன்று நாட்டின் அதிபர் அவர்தான், பள்ளிவாசலின் பெயரை மாற்றியவரும் அவர்தான். உள்ளூர் ஆட்கள் வாயில் கென்னடி என்பது கனத் என்று ஆனது. 2019-ல் ஆஸ்பத்திரிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

1991-ல் வத்திக்கான் வெளியிட்ட ஓர் ஆவணம் மத உரையாடலை நாலாகப் பிரிக்கிறது. அக்கம்பக்கத்தில் சேர்ந்து வாழ்வது ஒன்று, சேர்ந்து வேலை செய்வது ஒன்று, அறிஞர்கள் உட்கார்ந்து இறையியல் பேசுவது ஒன்று, அவரவர் ஜப அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. கென்னடி தம்பதியுடையது இரண்டாவது வகை. சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள்தான் அவர்கள், அதை மறைக்கவும் இல்லை. வரவேற்றவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே பிரசவத்துக்குப் பெண்களை அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஈச்சந்தோப்புக்குப் போனோம். அல் ஐன் தோப்பில் 1,47,000 மரங்கள். ஃபலஜ் என்கிற பழைய வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடுகிறது. ராத்தா வாய்க்கால் திட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அப்புறம் ஒரு மரத்தைக் கை காட்டி, "மரியம் அலைஹஸ்ஸலாம் வலி வந்தப்போ இப்படி ஒரு மரத்தடிலதான் இருந்தாங்க" என்றார்.

எனக்கு மாட்டுத்தொழுவம்தான் தெரியும். சொல்லுங்கள் என்றேன். மரியம் சூராவில் வருகிறதாம். தனியாக, ஊரை விட்டுத் தூரத்தில், வலி தாங்காமல் ஈச்ச மரத்தின் அடியில் சாய்கிறார். "இதுக்கு முன்னாடியே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா" என்று அழுகிறார். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: கவலைப்படாதே, உன் காலடியில் நீரோடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. "வலியில இருக்கிறவகிட்ட மரத்த உலுக்குன்னு சொல்றான் பாருங்க அல்லாஹ். சும்மா பழத்தப் போட்டிருக்கலாம்ல" என்று சிரித்தார் ராத்தா. அவருக்கு வலி எடுத்தபோது அந்த சூராவைத்தான் ஓதிக்கொண்டிருந்தாராம். மலையாளி நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தாளாம். "அவ மாதாவத்தான் கூப்பிட்டிருப்பா. ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான் கூப்பிட்டோம்போல" என்றார்.

எங்கள் சுவிசேஷங்களில் மாதா பிரசவ வலியில் கத்துவது எங்கேயும் இல்லை. அது எனக்கு இன்று குறையாகத் தோன்றியது.

திரும்பும் வழியில் ராத்தா பின் சீட்டில் தூங்கிவிட்டார். இரண்டு பக்கமும் மணல். காக்கா ரேடியோவை அணைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? முப்பது வருஷமா கேக்கணும்னு."

கேளுங்க என்றேன்.

"ஈசா நபி சிலுவையில சாகலன்னு எங்களுக்குக் குர்ஆன்ல இருக்கு. அவங்களுக்கு அப்படித் தோணிச்சு, அவ்வளவுதான்னு இருக்கு. உனக்கு இந்த நாப்பது நாளும் அந்தச் சாவுக்காகத்தான். நான் அது நடக்கலங்கிறேன். அப்போ உன் மனசுல நான் யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒட்டகங்கள் குறுக்கே வராமலிருக்கப் போட்ட கம்பிவேலி கிலோமீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "வலிக்கும் காக்கா. பெரிய வெள்ளிக்கிழமை எங்கம்மா சாப்பிடாம இருந்து அழுவா. அது நடக்கலன்னு யாராவது சொன்னா, அம்மா சும்மா அழுதான்னு சொல்ற மாதிரி இருக்கும். ஆனா நீங்க நபி அவமானமா சாகக் கூடாதுன்னு நெனக்கிறீங்க. அது மரியாதைலதான வருது. அது எனக்குப் புரியுது. அதனால உங்க மேல கோவம் வரல" என்றேன். சொன்னதும் எனக்கே அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை.

"இப்போ நீ கேளு."

"எங்க புத்தகத்த மாத்திட்டாங்கன்னு உங்க ஆளுங்க சொல்றாங்களே."

"ஆமா. இஞ்சீலு இறங்கினபடி இல்ல, கை வச்சிட்டாங்கன்னு."

"எங்கம்மா அஞ்சாங்கிளாஸ். அவ எழுத்துக் கூட்டி வாசிச்ச ஒரே புத்தகம் அது. மாத்தினதுன்னு சொல்லும்போது யார் மாத்தினதுன்னு நெனச்சுக்கிறீங்க? என் மனசுல எங்கம்மா மூஞ்சிதான் வருது."

காக்கா வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த வண்டி லைட் அடித்துவிட்டு முந்திப் போனது. "அத நான் அப்படி யோசிச்சதே இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா நான் நம்புறத மாத்திச் சொல்ல முடியாது" என்றார். "நானும் கேக்கல" என்றேன்.

முப்பது வருஷம் அந்த வத்திக்கான் ஆவணம் சொன்ன முதல் வகையிலேயே இருந்தோம். சேர்ந்து சாப்பிட்டோம், கல்யாணத்துக்குப் போனோம், சாவுக்குப் போனோம். நட்பு கெட்டுவிடக் கூடாது என்றே இந்தப் பேச்சைத் தொடாமல் இருந்திருக்கிறோம். நாற்பது நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டோம். கை கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான்.

பின் சீட்டிலிருந்து, "நோன்பு தெறக்க நேரமாச்சு, வேகமாப் போங்க" என்றார் ராத்தா. எவ்வளவு நேரமாக விழித்திருந்தார் என்று கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் தமிழ்ப் பூசை. தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பாலைவனத்தில் நாற்பது நாள் என்ற வாசகம். மணலைப் பார்த்துவிட்டு வந்து அதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

மத்தியானம் விமானம். ராத்தா வட்டிலப்பம் கட்டிக் கொடுத்தார், அல் ஐனில் வாங்கிய பேரீச்சம்பழம் அஞ்சு கிலோ. செக்-இன்னில் இரண்டு கிலோ அதிகம் என்றார்கள். பெட்டியைத் தரையில் திறந்து வைத்து எதை எடுப்பது என்று இருவரும் குந்தி உட்கார்ந்தோம். காக்கா பேரீச்சையை எடுக்க விடவில்லை. என் இரண்டு சட்டைகளையும் செருப்பையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"நேத்து நீ சொன்னதுக்கு ராத்திரி ஒரு பதில் யோசிச்சேன்" என்றார், பெட்டியை மூடிக்கொண்டே.

"சொல்லுங்க."

"இங்க வச்சு வேண்டாம். ஊருக்கு வந்து சொல்றேன். இந்தத் தடவ ஆகஸ்ட் வரைக்கும் நிக்காது."

"பெருநாளைக்கா, ஈஸ்டருக்கா?"

"எது முதல்ல வருது?"

"பெருநாள்."

"அப்போ ஈஸ்டருக்கு வரேன். பதில் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஜிப் மாட்டிக்கொண்ட இடத்தை விரலால் நெம்ப ஆரம்பித்தார்.